மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பக்கம்தான்

போன வாரம் என் டியூஷனிலிருந்து ஒரு பெண் நின்றுவிடுவாள் போலிருந்தது. நின்றால் மறுபடி வரமாட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாராவது படிப்பை நிறுத்துகிறார்கள் என்றால் எனக்குத் தாங்காது.

கிழக்குத் தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு மொட்டை மாடியில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுக்கிறேன். அந்தப் பெண் ஷமீமாவின் வீடு மேற்குத் தாம்பரம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே. அவள் அப்பா காதர் பாய் மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். வியாழக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே படியேறி வந்துவிட்டார்.

"சார், நாளைலேர்ந்து பொண்ணு வராது."

"ஏன் பாய்?"

கையை நீட்டினார். "அதோ, பச்சை டேங்க் தெரியுதா? அதான் நம்ம வூடு. இங்கேர்ந்து கூப்ட்டா அவங்கம்மாக்குக் கேக்கும். சாயங்கால மஃரிப் பாங்குக்கு முன்னாடியே நீங்க வுட்டுடறீங்க. நான் தொழுதுட்டு கடைக்கே திரும்பிடறேன், இது வூடு வந்து சேரல. நடுவுல எங்க போய்கினு கீது?"

யாரோடு என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எல்லோருக்கும் கேட்டது.

"ஹெலிகாப்டர் வாங்கிக் குடுங்க அங்கிள்" என்றான் ஸ்டீபன், பின்வரிசையிலிருந்து.

"நீ கம்முனு இருப்பா."

அன்றைக்கு நான் நடத்திக்கொண்டிருந்தது இடப்பெயர்ச்சி வெக்டர்களின் கூட்டல். ஒரு அம்பு முடியும் இடத்தில் அடுத்த அம்பைத் தொடங்கு. கடைசியில், கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேராக ஒரு அம்பு போடு. அதுதான் விடை.

நான் வாய் திறப்பதற்குள் ஷமீமா எழுந்து போர்டுக்குப் போனாள். இங்கிருந்து ஸ்டேஷன் வரை தெற்கே ஒரு நீள அம்பு. நடைமேம்பாலத்தில் மேற்கே ஒரு சின்ன அம்பு. இறங்கி, வீடு வரை வடக்கே இன்னொரு நீள அம்பு. தெற்கும் வடக்கும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மிச்சம், மாடியிலிருந்து வீட்டுக்கு நேராக, மேற்கே பார்த்த ஒரு குட்டி அம்பு மட்டும்.

"நீங்க சொல்ற தூரம் இந்தக் குட்டி அம்பு, அத்தா. நான் நடக்கறது மத்த மூணும். பாலத்துல ஏறும்போது ட்ரெயின் வந்துடுச்சுன்னா, கூட்டம் இறங்கற வரைக்கும் ஓரமா நிக்கணும்."

காதர் பாய் போர்டருகே போனார். குட்டி அம்பின் மேல் விரலை வைத்தார்.

"கணக்கு சரிதான். சின்ன வழி இருக்கசொல்ல எதுக்குப் பெரிய வழி?"

ஷமீமா சாக்பீஸை மறுபடி எடுத்தாள். அந்தக் குட்டி அம்பின் குறுக்கே மேலிருந்து கீழாக இரண்டு நீளக் கோடுகள் போட்டாள். நடுவில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள்.

தண்டவாளம்.

பாய் விரலை எடுத்துக்கொண்டார்.

"எப்பயாவது அதுல எறங்குனியா?"

"இல்லத்தா."

"எல்லாரும் எறங்கித் தாண்டறாங்களே..."

"அதான் எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடறாங்க."

காதர் பாய் பின்வரிசைக்குப் போய் ஸ்டீபன் பக்கத்தில் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் மகளோடு இறங்கி, ஸ்டேஷன் பக்கம் நடந்தார். பாலம் ஏறித்தான் போயிருப்பார். வெள்ளிக்கிழமை ஷமீமா வந்தாள்.

நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இடப்பெயர்ச்சிக்கு வழி முக்கியமில்லை என்றுதான் பாடம் எடுக்கிறேன். புத்தகத்தில் அது சரி. ஆனால் மனிதர்களையும் அப்படியே அளக்கிறோமே? இவன் அங்கே இருந்தான், இங்கே வந்தான்... இதற்கா இத்தனை நாள்? எங்கள் தெருவில் என்னையே கேட்கிறார்கள் — "இவ்ளோ படிச்சிட்டும் இங்கதான கீற?" நான் சுற்றி வந்த சுற்று அவர்கள் மாடியிலிருந்து தெரியாது. பரவாயில்லை. கேட்பவர்கள் வெளியாட்கள். கேட்பது அப்பாவாக இருந்தால், பிள்ளை பயத்தில் குறுக்கே இறங்கிவிடும்.

நேற்று ஷமீமா வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். 'ஏன் லேட்?' என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, உட்காரச் சொன்னேன்.

சீக்கிரம் வா என்று சொல்வது சுலபம். எதைத் தாண்டி என்றுதான் நாம் சொல்வதேயில்லை.