பூவாடைக்காரிக்கு ஒரு புடவை

சிவகாமு நாற்பத்திரண்டு வயதில் கழுத்தை நீட்டினாள். கம்மாபுரத்தில் தம்பிகள் இரண்டு பேரையும் அவள்தான் கரையேற்றினாள். பதிலுக்கு அக்காவைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு அத்தனை வருஷம் பிடித்தது, மகராசன்கள்! மாப்பிள்ளை புவனகிரி கொளஞ்சியப்பன், பஸ் டிரைவர். மூத்த தாரம் தையல்நாயகி இறந்து மூன்று வருஷம். காலேஜில் படிக்கும் ஒரே மகள் சிந்துஜா.

சிந்துஜா சண்டை போடும் ரகமில்லை. போட்டிருந்தால் தேவலை. வைத்ததைச் சாப்பிடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அறைக்குள் போய்விடுவாள். அந்தப் பெண் தன்னை வீட்டு மனுஷியாக நினைக்க வேண்டுமே என்று சிவகாமு ஐந்து மாதமாக ஏங்கினாள்.

பூவும் பொட்டுமாய்ப் போனவளை அந்த வீட்டில் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். போகியன்று புதுப் புடவை வைத்துப் படைப்பார்கள். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். கொளஞ்சியப்பன், “பொடவ நீயே எடுத்துடு, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். சிவகாமு சிதம்பரம் போய், ரோஸ் கலரில் ஜிகினா பார்டர் வைத்த புடவை எடுத்து வந்தாள்.

சிந்துஜா பிரித்துப் பார்த்தாள். “எங்கம்மா இந்த மாரி ஜிகினாவெல்லாம் தொடவே மாட்டாங்க. யாருக்கு எடுத்தீங்க இத?”

“உனக்குத்தாம்மா. படைச்சப்புறம் நீதான கட்டப்போற...”

சொன்ன பிறகுதான் சிவகாமுவுக்கே உறைத்தது. செத்தவளுக்கு என்று போய், அவள் மகளைக் கைக்குள் போட்டுக்கொள்ள எடுத்த புடவை அது. வெட்கமாகப் போய்விட்டது.

“தப்புதான். அவுங்களுக்கு என்னா புடிக்கும்னு உன்ன கேட்ருக்கணும். கேக்க பயமா இருந்துச்சு.”

சிந்துஜா பில்லைத் தேடி எடுத்தாள். இருவரும் பஸ் ஏறினார்கள். பொங்கல் கூட்டத்தில் மாற்றித் தர முடியாது என்று கடைக்காரர் முறுக்கிக்கொண்டார். சிவகாமு விடவில்லை. சிந்துஜா கடையையே புரட்டிப் போட்டு ஒரு பாசிப்பச்சை நூல் புடவை எடுத்தாள். திரும்பும் வழியெல்லாம் அம்மா பேச்சுத்தான். பாயசத்தில் திராட்சை கிடந்தால் பொறுக்கி எறிவாளாம், சீரியல் மாமியார்களை வாய்விட்டுத் திட்டுவாளாம். கேட்கக் கேட்க, பார்த்தேயிராத அந்தப் பெண்மேல் சிவகாமுவுக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்தது, பிரியமும் வந்தது.

போகியன்று துள்ளுமாவு, வடை, திராட்சை போடாத பாயசம் எல்லாம் வைத்துப் படைத்தார்கள். கும்பிட்டு முடித்ததும் சிவகாமு புடவையை எடுத்து நீட்டினாள். சிந்துஜா வாங்கவில்லை.

“நீங்க கட்டிக்கிங்க. இதுவரைக்கும் படைச்சதெல்லாம் நான் கட்டவேல்ல, பீரோவுலதான் மடிச்சு வெச்சிருக்கேன். இது ஒண்ணாவது அடுப்பாண்ட நடமாடட்டும்.”

சிவகாமுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அறைக்குள் போய்க் கட்டினால், புதுப்புடவை மொடமொடவென்று கொசுவம் நிற்கவே மாட்டேன் என்றது. சிந்துஜா வந்து காலடியில் உட்கார்ந்து, மடிப்பை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டாள்.

“ஆடாம நில்லுங்க. அம்மாவுக்கும் நான்தான் புடிப்பேன்” என்றாள்.