இல்லப்பா வீட்டு பேட்டரி

என் அக்கா புருஷனுக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் ‘இல்லப்பா’. கிடங்குப் பொறுப்பு அவரிடம் இருந்தது. யார் வந்து என்ன கேட்டாலும் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் “இல்லப்பா” என்பார். கையுறை கிழிந்து ஒரு விரல் வெளியே தெரிய வெல்டர் வந்து நின்றால், “மிச்ச நாலு விரல் உள்ளதானே இருக்கு” என்று திருப்பி அனுப்பிய புண்ணியவான். அலமாரி நிறைந்திருந்தால் போதும், அவருக்குச் சாப்பாடே வேண்டாம். ஒருவழியாக அவர் ஓய்வு பெற்றுப் போனதும் மற்றவர்கள் அந்தக் கையுறைக் கட்டுகளைப் பிரித்தார்களாம். பாதிக்கு மேல் இற்றுப்போய்க் கையோடு வந்ததாம்.

அப்படிப்பட்ட மனுஷன் வீட்டில் சும்மா இருப்பாரா? மொட்டை மாடியில் சோலார் தகடுகளைப் பதித்தார். மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேட்டரிகளை வைத்து, மரக்கதவு போட்டு, பூட்டும் போட்டார். விளக்குக்குக் கரண்ட் விடும் சுவிட்சும் உள்ளேதான். சாவி அவர் இடுப்பில்.

எங்கள் தெருவில் பொழுது சாய்ந்தால் கரண்ட் போய்விடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று அக்கா நம்பினாள், பாவம். பகலெல்லாம் பிஸ்கட் கம்பெனியில் நின்றபடி பெட்டி ஒட்டிவிட்டு வருபவள் அவள். சாயங்காலம்தான் தையல் மெஷினில் உட்கார முடியும். அந்தச் சமயம் பார்த்து ஒரு துணிக்கடைக்காரம்மா பள்ளிச் சட்டைகள் தைக்கக் கொடுத்திருந்தார். சொன்ன நாளில் தைத்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை தருவதாகப் பேச்சு. பெட்டி ஒட்டும் வேலையை விட்டுவிடலாம், கால் வீக்கமாவது வடியும் என்று அக்கா ஆசையாக இருந்தாள்.

நான் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஒரு சாயங்காலம் போனபோது அக்கா செல்போன் டார்ச்சை டம்ளரில் சாய்த்துவைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக்குப் பையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன மாமா, பேட்டரி எதுக்கு இருக்கு? கொஞ்சம் லைட்டப் போடக் கூடாதா?”

“சார்ஜ இப்பவே இறக்கிட்டா அவசரத்துக்கு என்னம்மா பண்றது?”

“இது அவசரம் இல்லையா?”

“இது தினமும் வர்றதுதானே” என்றார். எப்படி இருக்கிறது பாருங்கள்.

இதில் பெருமை வேறு. வீட்டுக்கு யார் வந்தாலும் கதவைத் திறந்து மீட்டரைக் காட்டுவார். நூறு என்று பச்சையில் எரியும். “ஆரம்பத்துல நெறையறதுக்கு மத்தியானம் ஆகும். இப்ப பாருங்க, காலையில காபி குடிக்கிறதுக்குள்ள நெறஞ்சிடுது. எல்லாம் நம்ம பராமரிப்புதான்” என்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

சட்டைகளைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் டார்ச்சும் கைவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. அக்கா வாய்விட்டு அழுதாள். அழுகைக்குப் பயந்தோ, நான் பக்கத்தில் நின்று முறைத்ததாலோ, மாமா இடுப்புச் சாவியை எடுத்தார். சொத்தையே எழுதிக்கொடுப்பவர் மாதிரி அத்தனை யோசனையோடு சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் வந்தது. அக்கா அவசரமாகக் காலரை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். ஒரு பக்கம் தைத்துத் திருப்புவதற்குள் பேட்டரியோடு இருந்த இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. விளக்கு அணைந்துபோனது.

மறுநாள் பேட்டரிக்காரர் வந்து மூடிகளைத் திருகி உள்ளே பார்த்தார். “தண்ணி வத்திப்போச்சு சார். பிளேட்டெல்லாம் காஞ்சு கெடக்கு. தண்ணி ஊத்தவே இல்லையா?”

“எதுக்கு ஊத்தணும்? நாந்தான் அதுலேர்ந்து எடுக்கவே இல்லையே. எடுக்காம எப்படிக் குறையும்?”

“வெயில் அடிக்கிற அன்னிக்கெல்லாம் சார்ஜ் ஏறிட்டே இருக்கும் சார். நெறஞ்ச பேட்டரிலயே மேல மேல ஏத்தினா தண்ணி ஆவியாப் போயிடும். உள்ள சார்ஜ் பிடிக்க இடமே இல்லாமப் போனதாலதான் சீக்கிரமா நெறஞ்சிருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவும் இல்லை. அக்கா சிரிக்கவில்லை. தைத்த வரைக்கும் இருந்த சட்டைகளை மடித்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரம்மா மீதித் துணியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். வருஷம் முழுக்க வேலை என்ற பேச்சும் அதோடு போனது. ரொம்பக் கெஞ்சியதில் பாவாடைகள் கொஞ்சம் கொடுத்து, “இதையாவது ஒழுங்கா முடிங்க, அப்புறம் பேசலாம்” என்றாராம்.

அன்றே அக்கா மெஷினை என் வீட்டுக்குத் தூக்கிவந்தாள், துணிமணியோடு. என்னிடம் இருப்பது ஒரே தகடு, ஒரு குட்டி பேட்டரி. தினமும் தூங்கப் போவதற்குள் அதைச் சக்கையாகப் பிழிந்துவிடுவோம். மறுநாள் வெயில் திரும்பக் கொடுக்கிறது. தண்ணீர் மட்டத்தை என் வீட்டுக்காரர் மறக்காமல் பார்க்கிறார். தைத்து முடித்த பாவாடைகள் மளமளவென்று குவிந்தன.

மாமா எங்கிருந்தோ புது பேட்டரிகள் வாங்கிவந்தார். அவற்றை மாட்டிய கையோடு படியேறி வந்து, வாசலிலேயே நின்றார்.

“எல்லாம் சரி பண்ணிட்டேன். நீ வந்துடு. லைட்டு உனக்குத்தான்.”

அக்கா தலையை ஆட்டிவைத்தாள். அவர் இறங்கிப் போனதும் என்னிடம் சொன்னாள்: “இன்னிக்குக் கரண்ட் போகட்டும்டி. அவரா லைட்டப் போடறாரான்னு பார்க்கறேன். போட்டார்னா நாளைக்கே போயிடறேன்.”

“போடுவார்க்கா” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனாலும் சொன்னேன்.

பொழுது சாய்ந்தது, கரண்ட் போனது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். எதிர்வீடு இருட்டாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் அசைந்து அசைந்து மாடிப்படிப் பக்கம் போனது. மாமா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா திரும்பி வந்து, அடுத்த பாவாடையை எடுத்தாள்.