குடை மடங்கும் வரை

கோப்புக்காரர் எடுக்கும் படம் ஒவ்வொன்றிலும் அவருடைய மனைவி இருப்பாள். மலைச்சரிவோ வறண்ட ஏரியோ பாறைக்காடோ, எங்கோ ஒரு மூலையில் கடுகளவு சிவப்பாக, முழங்கால் வரை தொங்கும் மழைக்கோட்டுடன் கேமராவைப் பார்த்து நின்றிருப்பாள். முகம் தெரியாது. சிவப்பு தெரிந்தால் போதும் என்பார் அவர்.

காரணம் ஒரு நாட்காட்டி. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்ச் சுவரில் தாம் எடுத்த பனிமலை வேறொருவர் பெயரைத் தாங்கித் தொங்குவதைக் கண்டார். பல்வலி போன இடம் தெரியவில்லை. அச்சகத்துக்கு எழுதினார். அச்சகம் படத்தைத் தனக்கு விற்ற முகவரைக் கைகாட்டியது. மலை எல்லோருக்கும் பொது, அதே இடத்தில் நின்று யாரும் எடுத்திருக்கலாம் என்று முகவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. அந்த இரண்டு வரியும், அதற்கு அவர் எழுதிய நீண்ட மறுமொழிகளும், அஞ்சல் ரசீதுகளும், கிழித்தெடுத்த நாட்காட்டித் தாளும் அவர்கள் குடியிருக்கும் வேனின் பின்னிருக்கைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் தேதிவாரியாக இருக்கின்றன. பக்கத்தில் வண்டி நிறுத்தியவர் யாராவது தெரியாத்தனமாகத் தேநீருக்கு அழைத்துவிட்டால் பெட்டி திறந்துவிடும். கோப்புக்காரர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

மலை பொதுவாக இருக்கலாம், மனைவி பொது இல்லையே என்று அவருக்குத் தோன்றிய அன்றே சிவப்புக் கோட்டு வாங்கப்பட்டது. அவள் நிற்கும் படத்தை எந்த முகவர் தன்னுடையது என்பான்? நகல் எடுக்கும் கடையில் பாதி வாழ்நாள் நின்றவர் அவர். கேமராவைக் கையேடு படித்துத் தாமாகவே கற்றவர். சாட்சி இல்லாமல் எதுவும் செல்லாது என்பது அந்தக் கடை அவருக்குச் சொல்லித்தந்த பாடம்.

திரைச்சீலை தைப்பவளான அவர் மனைவி, வாடகை வீட்டைக் காலி செய்து வேனுக்கு வந்தபோதும் தையல் இயந்திரத்தை விடவில்லை. தைக்கும் வேலை இல்லாத நேரத்தில் சாட்சியாக நின்றாள்.

காற்று வீசும் வெட்டவெளியில் தொண்டை கிழியக் கத்தினாலும் குரல் போய்ச் சேராது. எனவே கேமராவுக்குப் பக்கத்தில் அவர் ஒரு மஞ்சள் குடையை ஊன்றி வைப்பார். குடை விரிந்திருந்தால் நிற்க வேண்டும். மடங்கினால் வரலாம். ஒரு முறை, கால் மரத்துப்போய், குடை மடங்குவதற்கு முன்பே அவள் திரும்பிவிட்டாள். அவள் வந்து சேர்ந்த நொடியில் மேகம் பிளந்து பள்ளத்தாக்கு முழுவதும் வெளிச்சம் கொட்டியது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். மூன்று ஊர் தாண்டும் வரை அவர் வாயே திறக்கவில்லை. கையை நீட்டினால் சுவர் இடிக்கும் வேனில் ஒருவர் பேசாமல் இருப்பது எப்படிப்பட்டது என்பது அவளுக்குத்தான் தெரியும். அதன் பிறகு குடை மடங்காமல் அவள் அசைந்ததில்லை.

அந்தக் கடற்கரையில் நீர் இறங்கினால் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வெறும் ஈரமணல். நடுவே கறுத்த ஒற்றைப் பாறை. நீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே வேனைக் கரையில் நிறுத்தியிருந்தார். கரையோரம் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, மூன்றுகால் கேமராத் தாங்கியும் குடையுமாக இவர்கள் இறங்குவதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"அவ்வளவு தூரமா போறீங்க? இது பனி இறங்குற காலம் ஐயா. வந்துச்சுன்னா உங்க கை உங்களுக்கே தெரியாது."

"தண்ணி ஏற நிறைய நேரம் இருக்கும்மா. பாத்துட்டுத்தான் வந்திருக்கோம்."

"தண்ணிக்கு நேரம் இருக்கு. பனிக்கு?"

"இவர் ஒரு கடுதாசி போட்டா பனியும் கையெழுத்துப் போட்டு நேரம் குடுத்துடும், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள் மனைவி.

கிளிஞ்சல்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "சரி, பனி வந்தா நான் வாளியத் தட்டுவேன். அந்தப் பக்கம் சிப்பி எடுக்கற எங்க நாத்தனாருக்காகத் தட்டுறதுதான். சத்தம் வர்ற பக்கம் கரை. ஞாபகம் வச்சுக்கங்க."

மணலில் வெகுதூரம் போய்த் தாங்கியை நிறுத்தினார். பாறையை நோக்கி அவள் நேராக அடியெடுத்து வைத்ததும் பதறினார்.

"ஏய், நேராப் போகாத! தடம் விழுந்தா படமே போச்சு. வலது பக்கமா சுத்திப் போய்ப் பின்னாடி ஏறு."

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் நேராத்தான் நடந்துட்டு இருந்தேன். அதுக்கப்புறம் எல்லாமே சுத்து வழிதான்" என்று சொல்லிக்கொண்டே அவள் பெரிய வளைவாகச் சுற்றிப் போனாள். பாறைமேல் சிவப்பு ஏறியது. அவர் குடையை விரித்து ஊன்றினார். வெளிச்சத்துக்காகக் காத்திருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

கடல் பக்கத்திலிருந்து ஒரு வெண்மை எழுந்ததை அவர் பார்க்காமல் இல்லை. அது பாறையைத் தொடுவதற்குச் சற்று முன் கிடைக்கும் படம் எப்படி இருக்கும் என்ற எண்ணம் குறுக்கே வந்தது. குடையில் வைத்த கையை எடுத்துக் கேமராவில் வைத்தார். ஒன்று எடுத்தார். இன்னும் ஒன்று. கண்ணை எடுத்து நிமிர்ந்தபோது பாறை இல்லை. சிவப்பும் இல்லை. பக்கத்தில் இருந்த குடையே மங்கலான ஒரு மஞ்சள் கறையாகத் தெரிந்தது.

பதைபதைத்துக் குடையை மடக்கினார். மடக்கிய பிறகுதான் உறைத்தது. அவள் இதைப் பார்க்கப்போவதில்லை. பார்க்காதவரை அவள் வரமாட்டாள்.

கத்தினார். குரல் முகத்துக்கு முன்னாலேயே நனைந்து விழுந்தது. காலடியில் ஏதோ குளிர்ந்தது. மணல் வரிகளின் பள்ளங்களில் நீர், ஓசையே இல்லாமல், கயிறு கயிறாக ஓடிவந்துகொண்டிருந்தது.

பாறை நேரெதிரே இருந்தது. ஆனால் எது நேர்? இரண்டு எட்டு வைத்தால் திசை மாறிவிடும். பிடித்துக்கொண்டு போக ஒரு தடம் வேண்டும். அந்தத் தடத்தைத்தான் விழவிடாமல் தடுத்திருந்தார். அவருக்கு இருந்ததெல்லாம் அவள் சுற்றிப்போன வளைவு. படத்தில் பதியக்கூடாது என்று அவரே துரத்திவிட்ட வழி. குனிந்து, ஒவ்வொரு காலடியாகத் தடவிக்கொண்டே அதில் நடந்தார். முதலில் தடங்கள் தெளிவாக இருந்தன. பிறகு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குட்டையாக இருந்தது. பிறகு குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. கணுக்காலுக்கு நீர் ஏறியபோது தடமே இல்லை.

நின்றுவிட்டார். முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. தாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. நகரமாட்டாள். மூன்று ஊர் தூரம் பேசாமலிருந்தே அவளுக்கு அதைப் பழக்கியவர் அவர்தான்.

அப்போது டங், டங் என்று கேட்டது. தகர வாளி.

சத்தம் வரும் பக்கம் கரை. அப்படியானால் பாறை அதற்கு எதிர்ப்பக்கம். முதுகைச் சத்தத்துக்குக் கொடுத்தார். கரையை விட்டு விலகுகிறோம் என்று கால் திரும்பி ஓடத் துடித்தது. ஒவ்வொரு எட்டிலும் வாளி முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, அவள் பெயரைக் கத்தியபடி நடந்தார். முழங்கால் நனைந்தது. தொடை நனைந்தது. வாளிச் சத்தம் நூலாக மெலிந்தது. இனியும் போனால் அதுவும் அறுந்துவிடும் என்ற இடத்தில், முழங்கை எதிலோ இடித்துத் தோல் உரிந்தது. பாறை.

மேலே சிவப்பு தெரிந்தது. அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை. கேமரா இருந்த திசையில், கைகள் இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, அவர் சொல்லித்தந்த அதே மாதிரி விறைப்பாக நின்றிருந்தாள். பாதத்தில் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இறங்கு!"

அவள் திடுக்கிட்டுக் குனிந்தாள். உதடு வெளுத்திருந்தது. "குடைய மடக்கிட்டீங்களா?"

அவர் கையை மேலே நீட்டினார்.

"வெளிச்சம் வர்ற நேரமோ என்னமோன்னு நின்னேங்க. தண்ணி வந்துச்சு. வரலாமா வேணாமான்னு தெரியல."

கோட்டின் வாரைத் தம் இடைவாரோடு முடிந்துகொண்டு அவளை இறக்கினார். இப்போது வாளியை நோக்கி நடக்க வேண்டும். இடுப்பு வரை நீர். இரண்டு முறை வாளி நின்றது. நின்ற இரண்டு முறையும் இருவரும் மூச்சு விடாமல் அப்படியே நின்றார்கள். அவளது விரல்கள் அவர் மணிக்கட்டில் நகம் பதியப் பிடித்திருந்தன. மறுபடியும் டங் என்றதும் மறுபடியும் நடந்தார்கள்.

கரை காலில் தட்டியபோது கிளிஞ்சல்காரி வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"எங்க நாத்தனார் எப்பவோ வீட்டுக்குப் போயாச்சு. உங்களுக்காகத்தான் தட்டிக்கிட்டு இருந்தேன். கை மாத்த ரெண்டு தரம் நிறுத்துனதுக்கே பயமா இருந்துச்சு. ஏம்மா, நீங்களாவது முன்னாடியே திரும்பி இருக்கக்கூடாதா?"

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டது.

கேமராவும் தாங்கியும் கடலோடு போயின. மஞ்சள் குடையை மட்டும் அலை மறுநாள் கொண்டுவந்து வேனுக்கு அருகே ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது.

இப்போது வேறொரு கேமரா. அவர் படங்களில் இப்போது ஆளே இல்லை. வெறும் மலை, வெறும் ஏரி. யார் வேண்டுமானாலும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். தகரப் பெட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் தேநீருக்கு அழைப்பவர்கள் இப்போது தைரியமாக அழைக்கலாம். சிவப்புக் கோட்டை அவள் வெட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்து, சூடான பாத்திரம் பிடிக்க வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் நின்னதுக்கு இதாவது மிச்சம்" என்கிறாள்.

காலையில் வேன் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் அவர் விழித்ததும், "எங்க இருக்க?" என்று கேட்கிறார்.

"எங்க போவேன்? உங்க கால்மாட்டுலதான் இருக்கேன்" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். அது போதவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்பார்.

மழை நாளில் தண்ணீர்க் குடத்தோடு அவர் இறங்கும்போது, "அந்தக் குடைய எடுத்துட்டுப் போங்களேன், தலை நனையுது" என்பாள் அவள். கதவுக்குப் பின்னால், நூலால் இறுக்கிக் கட்டி, அது தொங்கும். அவர் அதைத் தொடாமல், நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வருவார்.