எதிர் வீட்டு ட்யூப் லைட்

1. புயலில் கிள்ளைப் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் போய்விட்டது.
2. முருகையன் என்ற வாடிக்கையாளர் போன் செய்தார். எங்களிடம் வாங்கிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. சிதம்பரம் சர்வீஸ் சென்டரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன்.
3. நான் போய்ச் சேர்வதற்குள் அது ஸ்டார்ட் ஆகிவிட்டது.
4. எதிர் வீட்டில் ட்யூப் லைட் எரிந்தது.
5. எதிர் வீட்டில் ஜெனரேட்டர் கிடையாது.

அந்த வீட்டு சரசு அக்கா வாசலில் நின்று, "கரண்ட்டு வந்துடுச்சு! மிக்ஸி போடுறவங்க போட்டுக்குங்க!" என்று கூவினார். தெருக்கோடியில் லைன்மேன் ஒருவர், அறுந்த ஒயரை இழுத்துக் கட்டக் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஹெல்மெட்டோடு ஓடி ஜெனரேட்டரை அணைத்தேன்.

"என்ன பாப்பா, வந்த கரண்ட்ட அணைக்கிற?" என்றார் சரசு அக்கா.

"அது வந்த கரண்ட் இல்லக்கா. இவுங்க வீட்டுலேர்ந்து போன கரண்ட்."

ஜெனரேட்டருக்குள் நடப்பது இவ்வளவுதான்: பெட்ரோல் இன்ஜின் ஒரு காந்தத்தைச் சுழற்றும். சுற்றியுள்ள செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும். பிறந்த மின்சாரத்துக்கு வீட்டு முகவரி தெரியாது. வழி திறந்திருந்தால் மீட்டர் தாண்டித் தெரு ஒயருக்கும் போகும். அங்கிருந்து எதிர் வீட்டுக்கு. அங்கிருந்து கம்பத்தில் இருப்பவர் கைக்கு.

வழியைத் திறந்துவைத்தவர் பாலு. முருகையனின் மச்சான், உதவிக்குக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்தவர். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயர் ஒன்றைச் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையை ஹால் சாக்கெட்டிலும் செருகியிருந்தார்.

"மெயின ஆஃப் பண்ணலையா சார்?"

"எனக்குத் தெரியாதா மேடம்? மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் போட்டேன்."

"எந்த மெயின்?"

பெருமையாகக் காட்டினார். அது இன்வெர்ட்டர் ஸ்விட்ச். இன்வெர்ட்டர் வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் அதற்குத்தான் 'மெயின்' என்று பெயர். மீட்டர் பக்கத்து நிஜ மெயின் ஆன் நிலையிலேயே இருந்தது.

"மச்சான், நீ மாட்டுன ஃபேன் ரிவர்ஸ்ல சுத்துனப்பவே நான் உஷாராயிருக்கணும்," என்றார் முருகையன்.

லைன்மேன் இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ட்ரான்ஸ்ஃபார்மர ஆஃப் பண்ணிட்டுதாம்மா ஏறுனேன். இந்தப் பக்கத்துலேர்ந்து அனுப்புவாங்கன்னு யாரு கண்டா? டெஸ்ட் பண்ணாம தொட மாட்டேன். ஆனா புயலடிச்சதுலேர்ந்து தூக்கமே இல்ல. ஒரு கம்பத்துல மறந்திருந்தா?"

சரசு அக்கா உள்ளே போய் டீயோடு வந்தார். குடித்து முடித்த லைன்மேன் பாலுவிடம் கை நீட்டினார்.

"அந்த ஒயர குடுண்ணே. என் ஊட்டுக்கு வரட்டும். உன் ஊட்டுல இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

பாலு அதைச் சுருட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் எந்த வீட்டிலும் 'மெயினை அணையுங்கள்' என்று சொல்வதில்லை. கூடவே போய், எந்த ஸ்விட்ச் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்கிறேன்.

முருகையன் வீட்டில் இப்போது சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இருக்கிறது. கைப்பிடி மேலே இருந்தால் தெரு கரண்ட், கீழே இருந்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியில்லை.