மூன்றாவது இலை

புரட்டாசி மகாளய அமாவாசையன்று எங்கள் வீட்டில் மூன்று இலை போடுவோம். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மூன்றாவது பக்கத்து வீட்டுச் சிங்களப் பையனுக்கு. பட்டாளத்துக்குப் போனவன், வடக்கில் பிடிபட்டு, கைதியாகவே காய்ச்சலில் செத்துப்போனான். கூட இருந்து விடுதலையாகி வந்த ஒருவர்தான் சொன்னார். அவருக்கும் தேதி நினைவில்லை. இறந்த திதி தெரியாதவர்களுக்கு எங்களில் அந்த அமாவாசைதான்.

சண்டைக் காலத்தில் ஒருநாள், அடையாள அட்டையைப் பிலிமத்தலாவையில் எங்கள் கடையிலேயே மறந்துவிட்டுக் கொழும்பு பஸ்ஸில் ஏறிய மடையன் நான். கடுகண்ணாவையில் சோதனைக்கு நிறுத்தி என்னை இறக்கிவிட்டார்கள். லீவு முடிந்து முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவனும் என்னோடு இறங்கினான். பஸ் போய்விட்டது. "இவர் எங்க வீட்டு ஆள். இவரை விடாம நான் போகமாட்டேன்" என்று பொழுது சாயும்வரை பக்கத்திலேயே நின்றான். தாமதமாகப் போனதற்குத் தண்டனை வாங்கியதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை. நான் இன்று பேரப்பிள்ளைகளோடு இருப்பது அவன் புண்ணியம்.

அவன் தாய் மட்டும் சாவை நம்பவில்லை. உடம்பைக் கண்ணால் காணாமல் அவன் பேரில் பிக்குமாருக்குத் தானம் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். அவரிடம் போய், உங்கள் மகனுக்குப் படைக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? அவருக்குத் தெரியாமலே படைத்துவந்தோம்.

போன வருடம் என் மனைவி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடுக்கிற பழக்கத்தில், அந்தச் சாப்பாட்டையும் தட்டில் போட்டு அவருக்குக் கொடுத்துவிட்டாள். அமாவாசைப் படையலை நாங்கள் வெளியே கொடுப்பதில்லை. பதறிக்கொண்டு ஓடினேன். பாதி சாப்பிட்டிருந்தார். இன்றைக்கு என்ன பண்டிகை என்று சிங்களத்தில் கேட்டார். சோற்றில் கை வைத்திருப்பவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இனி அவர் என் முகத்தில் விழிக்கமாட்டார் என்றே நினைத்தேன். அவரோ தட்டில் கிடந்த வாழைக்காய்த் துண்டை விரலால் தள்ளிவைத்தார்.

"இது அவனுக்குப் பிடிக்காது. வருஷா வருஷம் இதையா வச்சீங்க? அடுத்த தடவை நான் சமைச்சுக் கொண்டு வாறேன்."