பெண்கள் சங்கம் போட்ட நஹ்வா

போன கோடையிலிருந்து பஸ்ராவின் வடக்குப் பேட்டைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. நஹ்வாவை ஒழிப்பதற்கென்றே வெளிநாட்டுக் காசில் நடக்கும் பெண்கள் சங்கம், தானே ஆள் பிடித்து ஒரு நஹ்வா போட்டதாம். ஒருவன் வாய் கிழிந்ததாம், ஒரு தெரு முழுக்க இருண்டு போனதாம். டீக்கடையில் விசாரித்தால், சங்கத்தார் துப்பாக்கியோடு போனார்கள் என்கிறார்கள். ரொட்டி அடுப்பில் விசாரித்தால் அது எந்திரத் துப்பாக்கி ஆகிவிடுகிறது. சங்கத் தலைவி டாக்டர் ஸுஹாம் பேரீச்சை வண்டுகளை ஆராய்ந்து டாக்டர் ஆனவர். அவரிடம் கேட்டால், அப்படி எதுவுமே நடக்கவில்லை, முதலில் டீ குடியுங்கள் என்கிறார். ஆனால் சொல்லும்போது அவர் கண் ஒரு தடவை மூலை மேஜைப் பக்கம் போய்வருகிறது. அந்த மேஜையில் இருப்பவள் ஸபீஹா.

ஆகவே பேச்சு உண்மையா என்று பார்க்க, ஸபீஹாவிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நஹ்வா என்பது பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கு உள்ள உரிமை. இங்கே ஒரு பெண்மேல் முதல் பாத்தியதை அவர்களுடையது. "இவளை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது, மீறிக் கட்டுகிறவன் சாவான்" என்று ஒருத்தன் சபையில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுகூட இல்லை. தானும் தின்னாமல் பிறரையும் தின்னவிடாமல் கிழவனாகும் வரை காத்திருக்கலாம். இதை எதிர்த்துப் பேசத்தான் ஸபீஹாவுக்குச் சம்பளம். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். பாதிக் கதவுகள் திறக்கும். திறந்ததில் பாதி மறுபடி சாத்திக்கொள்ளும்.

இந்த வேலைக்கு அவள் வந்த வழி வேறு. பஸ்ராவில் எந்த மனைவியிடமும் இரண்டாவது தடவை பாத்திரம் கழுவச் சொன்னால், "என்னை என்ன ஃபஸ்லிய்யாவாவா கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்பாள். வீடே சிரிக்கும். ஸபீஹா அந்த வாக்கியத்தை ஒருநாளும் சொன்னதில்லை, ஏனென்றால் அவளை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுடைய அண்ணன் ஆட்டுச் சந்தையில் ஒருவனைக் குத்திக் குடலைச் சரித்துவிட்டான். ரத்தத்துக்கு ஈடாகப் பணம், ஆடுகள், ஃபஸ்லிய்யாவாகப் பதினாறு வயது ஸபீஹா என்று சபை தீர்த்தது. மருதாணி இல்லை, மேளம் இல்லை. ஆடுகள் ஏறிய வண்டியிலேயே அவளையும் ஏற்றினார்கள். இறங்கிய வீட்டில் மாமியார் என்று இருந்தவள், செத்தவனைப் பெற்றவள். அவன் செத்தது வியாழக்கிழமை. அதனால் வியாழன்தோறும் காலையிலேயே ஈச்சமட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவாள். ஊறிய மட்டை ஒடியாது, வளைந்து முதுகின் மறுபக்கத்தையும் தொடும். புருஷன் அவளோடு ஒப்பிட்டால் நல்லவன். கையை ஒரே ஒருதரம்தான் உடைத்தான். பிறகு வடக்கே சண்டைக்குப் போனவன் பெட்டியில் திரும்பி வந்தான். கிழவி அவளைத் தெருவில் விட்டாள். இடது கை இன்றைக்கும் முழுசாக நீளாது.

சங்கத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பையன்களுக்கு அமைதிப் பயிற்சி உண்டு. அமைதிக்காக வருகிறவர்கள் குறைவு, மதியச் சோற்றுக்காக வருகிறவர்கள் அதிகம். ஆனாலும் சாப்பிட்ட நேரத்துக்கு ஒருத்தனை ஒருத்தன் சுடாமல் இருக்கிறார்களே, அதுவே லாபம் என்பது டாக்டரின் கணக்கு.

கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்தவள்தான் நவ்ரஸ். பதினான்கு வயது. விரல்கள் வேகம், நாக்கு அதைவிட வேகம். அவளுடைய அப்பா லஃப்தா தெருவுக்கு ஜெனரேட்டர் ஓட்டி வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்துக் கொடுப்பவர். போன கோடையில் ஒரு ஒயரை யாரோ அறுத்தார்கள். நவ்ரஸின் அண்ணன், அறுத்தவனை ரொட்டி அடுப்பு வாசலில் பிடித்து வயிற்றில் சுட்டான். விழுந்தவன் சூடான ரொட்டி அடுக்கின் மேலேயே விழுந்தான். அண்ணன் சதுப்பு நிலத்துப் பக்கம் ஓடி ஒளிந்தான். செத்தவன் வீட்டார் லஃப்தாவின் வாசலில் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். மேற்கொண்டு பேச ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள்.

அந்த வாரம் வகுப்பு முடிந்ததும் நவ்ரஸ் ஸபீஹாவின் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை என்னைக் குடுத்துடுவாங்க. மிச்ச வகுப்புக்கு வரலேன்னா சர்டிபிகேட் கிடைக்குமா?"

டாக்டர் ஸுஹாம் உடனே காரியத்தில் இறங்கினார். கண்டன அறிக்கை எழுதினார், பாக்தாதுக்குப் போன் செய்தார், அடுத்த மாதம் ஒரு கருத்தரங்குக்கு மண்டபம் பிடித்தார். சட்டப்படி இது குற்றம் என்று போலீஸ் அதிகாரியிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தனக்கு வேலை இருக்கிறது என்றார். பிற்பாடு தெரிந்தது, செத்தவன் பக்கத்து விருந்தாளிகளில் அவரும் ஒருவர்.

ஸபீஹா லஃப்தாவிடம் போனாள். அவர் வாசலில் குண்டு துளைத்த ஓட்டைகளுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். அவள் பேசி முடிக்கும்வரை கேட்டார்.

"அவ போனா அழுவோம். அவன் செத்தா புதைப்போம். எது பரவால்லன்னு நீயே சொல்லும்மா."

 ஸபீஹா திரும்பி நடக்கும்போது, அந்தச் சபைக்காரர்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்று யோசித்தாள். சட்டத்துக்கு இல்லை. அறிக்கைக்கு இல்லை. நிச்சயமாகக் கருத்தரங்குக்கு இல்லை.

கத்பான் நவ்ரஸின் பெரியப்பா மகன். மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன், இருபத்திநாலு வயது. சண்டை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவன். சங்கத்துச் சோற்றை ஒருநாளும் தவறவிட்டதில்லை. போதாததற்கு, சங்கத்தின் நஹ்வா எதிர்ப்புச் சுவரொட்டியில் கையை ஓங்கி நிற்கிற கொடியவன் அவன்தான். புகைப்படத்துக்கு ஆள் கிடைக்காமல் அவனை நிறுத்தியிருந்தார்கள். மூஞ்சிக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

நவ்ரஸ்மேல் நஹ்வா போடச் சொல்லி ஸபீஹா கேட்டதும் அவன் கழுவிக்கொண்டிருந்த வண்டியை விட்டு எழுந்தான்.

"அக்கா, இதைச் செய்யாதேன்னு ஊரெல்லாம் என் மூஞ்சியத்தானே ஒட்டி வெச்சிருக்கீங்க?"

"அந்த மூஞ்சியத்தான் இப்ப கேட்டு வந்திருக்கேன்."

"நான் எதுக்கு? வேற ஆளே இல்லியா?"

"அவங்கப்பா கூடப்பிறந்தவங்க புள்ளைங்கள்ல ஆம்பளைன்னு நீ ஒருத்தன்தான்டா மிச்சம். பாதி செத்துட்டாங்க, பாதி ஸ்வீடன் போயிட்டாங்க."

தன்னிடம் துப்பாக்கி இல்லை என்றான். சொல்வதற்கு வாய் போதும் என்றாள். அவர்கள் அடிப்பார்கள் என்றான். அவள் ஆமாம் என்றாள். பிறகு வியாழக்கிழமைகளைப் பற்றி, ஊறிய மட்டையைப் பற்றி, யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். அவன் அவளுடைய கோணிய கையைப் பார்த்துக்கொண்டே வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான். கண்ணாடி எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"அவளுக்கு மட்டும் போட்டா, தங்கச்சியக் கேப்பாங்க. எல்லாருக்கும் சேத்துப் போடணும்" என்றான்.

இது ஸபீஹாவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நடுப்பகல். நாணல் வேய்ந்த கூடத்தில் இரு பக்கமும் ஆண்கள். காப்பி ஊற்றியாயிற்று, பேச்சு முடியும்வரை யாரும் தொடக் கூடாது. பாய்த் தடுப்புக்குப் பின்னால் பெண்கள், அவர்களோடு ஸபீஹா. நவ்ரஸ் அவளுடைய நல்ல கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிய. செத்தவன் பக்கத்து ஷேக் பணத்தைச் சொன்னார், பிறகு ஒரு பெண் என்றார். லஃப்தா தலையைத் தொங்கவிட்டார்.

கத்பான் எழுந்தான்.  குரல் வந்தது, அவனே எதிர்பாராத சத்தத்தில்.

"லஃப்தா வீட்டுப் பொண்ணுங்க மேல எனக்கு நஹ்வா. பெருசு, சிறுசு, கைக்குழந்தை, அத்தை, எல்லார் மேலயும். கட்டுறவன் எவனா இருந்தாலும் சுடுவேன்."

தடுப்புக்குப் பின்னால், அறுபது வயது அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்காக ஒருத்தன் உயிரை எடுப்பேன் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

செத்தவனின் தம்பி துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் கத்பானின் வாயில் இடித்தான். முன்பல் இரண்டும் உடைகிற சத்தம் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. விழுந்தவனைத் தலைத்துணியைக் கழுத்தில் சுற்றியே முற்றத்துக்கு இழுத்துப்போனார்கள். விரல்களை மிதித்தார்கள். விலா எலும்பு காய்ந்த நாணல்போல முறிந்தது. ஒருவன் கூரையைப் பார்த்துச் சுட்டான், தூசு கொட்டிக் காப்பிக் கோப்பைகள் நிரம்பின. இன்னொருவன் எங்கே பார்த்துச் சுட்டானோ, விருந்துக்குக் கட்டியிருந்த ஆடு சாய்ந்தது. அன்றைக்குச் செத்தது அது மட்டும்தான். ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்பான் எழ முயன்று மறுபடி அதையே சொன்னான். சொல் சரியாக வரவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. ஸபீஹா முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். இவனை இங்கே அனுப்பியது தான் என்பதைத் தவிர வேறெதுவும் அவள் நினைவில் இல்லை.

ஷேக் எல்லோரையும் உட்காரவைத்தார். அவர் கணக்குத் தெரிந்தவர். நஹ்வா விழுந்த பெண்ணை எடுத்தால் இந்தப் பைத்தியக்காரனைச் சுட வேண்டும். சுட்டால் திரும்பவும் சபை, திரும்பவும் ஈடு, அதுவும் தங்கள் கையிலிருந்து.  பெண் வேண்டாம், அவளுக்குப் பதில் ஜெனரேட்டரைக் கொடுத்துவிடுங்கள் என்றார். லஃப்தா சரி என்று சொல்ல ஒரு மூச்சு நேரம்கூட எடுக்கவில்லை.

கத்பானை அவனுடைய வண்டியிலேயே கிடத்தி, ஸபீஹாதான் ஓட்டினாள், ஒன்றரைக் கையால், அதற்கு முன் ஓட்டியதே இல்லாமல். வழியில் ஒரு தர்பூசணிக் குவியலையும் ஒரு போலீஸ் தடுப்பையும் இடித்தாள். பின்னாலிருந்து அவன் வாயைப் பொத்திக்கொண்டு, "பல்லு போச்சுக்கா" என்றான். கட்டித் தருகிறேன் என்றாள்.

அந்தக் கோடை முழுக்கத் தெருவில் மின்விசிறி ஓடவில்லை. ஒரு பொண்ண குடுத்திருந்தா ஊரே நிம்மதியாத் தூங்கியிருக்கும் என்று ஸபீஹாவின் காதுபடவே பேசினார்கள். இரண்டு குழந்தைகளை வெயில் மயக்கத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அந்த வீடுகளின் கதவுகள் அவளுக்கு இனித் திறக்காது. ஒருநாள் பட்டப்பகலில் யாரோ வந்து சங்கத்தின் பெயர்ப் பலகையைச் சல்லடையாக்கிவிட்டுப் போனார்கள். காசு தருகிற நாட்டுக்காரர் வந்து ஒவ்வொரு ஓட்டையையும் படமெடுத்து, மனம் நெகிழ்ந்து, இரண்டாம் கட்டத்துக்கும் பணம் தருவதாக அறிவித்தார். நடந்ததை டாக்டர் அவரிடம் 'உள்ளூர் இளைஞர் ஒருவரின் தலையீடு' என்று விளக்கினார். இளைஞருக்குச் சர்டிபிகேட் கொடுத்தார்கள். புதுப் பலகைக்குப் பணம் வந்தது, டீக்கும் பிஸ்கட்டுக்கும் வந்தது. பல் என்று எந்தத் தலைப்பிலும் இல்லை.

ஆக, பேச்சு உண்மைதான். சங்கத்தார் கொண்டுபோன துப்பாக்கி மட்டும் பொய்.

நவ்ரஸ் பள்ளிக்கூடம் போகிறாள். நஹ்வாவும் அவள்மேல் அப்படியே நிற்கிறது. போட்டவனே சபையில் எழுந்து எடுத்தாலொழிய அது போகாது. கத்பானின் அம்மா இப்போது நவ்ரஸைப் பார்க்கும்போதெல்லாம் மருமகளே என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். புதுப் படுக்கை விரிப்புகூட வாங்கிவிட்டாளாம். நவ்ரஸ் சிரிப்பதில்லை. ஸபீஹா அவனிடம் போய், சீக்கிரம் சபையைக் கூட்டி எடுத்துவிடு என்கிறாள். எடுக்கிறேன் என்கிறான், அதில் அவனுக்கு மறுப்பே இல்லை. ஆனால் இந்த வாயோடு எழுந்து பேசினால் காற்றுதான் வருகிறது, சபை சிரிக்கும், அடி வாங்கலாம் சிரிப்பு வாங்க முடியாது என்கிறான்.

ஸபீஹா தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போன மாதம் அவனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கையில் இருந்தது ஒரு பல்லுக்குத்தான் காணும். கத்பான் நாற்காலியில் ஏறாமல் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"ஒத்தப் பல்லோட சபையில நிக்க மாட்டேன்க்கா. ரெண்டுக்கும் காசு சேந்தப்புறம் கூப்பிடுங்க."