எண்ணெய் குடித்த கரடி

தோஹாவில் ஒரு கலைக்கூடத்தில் நான் வேலை பார்த்தபோது, ஆர்க்டிக் பனிப்பகுதியிலிருந்து ஓர் இனூயிட் சிற்பி கண்காட்சி வைக்க வந்தார். அறுபதைத் தாண்டிய பெண்மணி. கல்லில் சிலை செதுக்குவார். கல்லில் வெட்டி, மை தடவி அச்சுப்படமும் எடுப்பார். கரும்பச்சைக் கல்லில் அவர் செய்த கரடியின் முதுகு முழுக்க, ஆணிமுனையால் கீறிய மான்கூட்டம் வெள்ளை வெள்ளைக் கோடுகளாக ஓடும். கண்காட்சிக்கே அதுதான் உயிர்.

திறப்பு விழாவன்று மதியம் போய்ப் பார்க்கிறேன், ஒரு மானையும் காணோம். கரடி மொழுமொழுவென்று மின்னுகிறது. பக்கத்தில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் துணியுமாக, எங்கள் கூடத்தில் சாமான் பெட்டி பிரிக்கும் தமிழ் அண்ணன்.

“என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?”

“வெளுத்துப்போய்க் கெடந்துச்சுங்க மேடம். மாக்கல்லுங்க இது. எங்க சேலத்துல கல்சட்டி வாங்குனா எண்ணெ தடவித்தானுங்க பழக்குவோம். கீறலெல்லாம் பெட்டியில பட்டதுன்னு நெனச்சுட்டேன்.”

திட்ட வாய் வரவில்லை. எங்கள் வீட்டு வத்தக்குழம்புச் சட்டியையும் அப்படித்தான் பழக்கினோம். ஆனால் மேனேஜருக்கு வத்தக்குழம்பைப் பற்றி என்ன தெரியும்? ஒரு கண்ணாடிச் சட்டம் உடைந்ததற்கே ஒருவரின் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிட்ட மகானுபாவர். அண்ணன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். எண்ணெய் இறங்கிய கீறலும் கல்லும் ஒரே கருப்பாகிவிட்டதால், கோடு வரவில்லை. அப்போது சிற்பியே உள்ளே வந்துவிட்டார். கல்சட்டி, எண்ணெய், விசா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கரடியின் முதுகைத் தடவி விரலை முகர்ந்தார். கருவிப் பையிலிருந்து கைப்பிடி போட்ட ஓர் ஆணியை எடுத்து, கரடியை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்.

“யல்லா, யல்லா” என்று அரபியில் அவசரப்படுத்தியபடி மேனேஜர் நுழைந்தார்.

“மான் எல்லாம் எங்கே? யார் கை வைத்தது?”

அண்ணன் ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“நான்தான்,” என்றார் சிற்பி, நிமிராமலே. “கல் வறண்டிருந்தது. எண்ணெய் போடச் சொன்னேன். வேலை இன்னும் முடியவில்லை.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கரடியைப் பார்த்தேன். விருந்தாளியிடம் கத்த முடியுமா? “கலாஸ், சரி விடு” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

ஆணி கிறீச்சிட்டது. வெள்ளைப் பொடி உதிர உதிர, மான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசி மானுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சட்டியைக் கீறினார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்து, “உங்கள் ஊர்ச் சட்டிக்குக் காது உண்டா?” என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு விரலைக் காட்டினார்.